ரயில், நீராவி, புறநகர், தூரம்

ஒலிநாடாக் காப்பக நடைமுறை, பதினான்காவது விதி: "எந்தப் பிரிவும் உரிமை கோராத ஒலிப்பதிவை ஆறு மாதம் வைத்திருந்து, பின்னர் அழித்துவிட்டு, நாடாவை மறுபயன்பாட்டுக்கு அனுப்ப வேண்டும்."

இதை எழுதியவர் யாரோ தெரியாது. ஆனால் எழுதத் தெரிந்தவர். 'இயன்றவரை' என்றோ 'சூழ்நிலைக்கேற்ப' என்றோ ஒரு சொல் இல்லை. நான் காப்பகத்தில் இருந்த காலம் முழுவதும் இந்த விதிப்படி நாடாக்கள் அழிந்துகொண்டே இருந்தன. ஒரே ஒரு நாடாவின் விஷயத்தில் மட்டும் விதி மீறப்படவும் இல்லை, நிறைவேற்றப்படவும் இல்லை. அது எப்படி முடியும் என்று இப்போது காப்பகத்தில் வேலை பார்க்கும் தர்ஷினி கேட்டாள். தொலைபேசியில் சொன்னால் பாதியில் "ஆன்ட்டி, லைன் கட்டாவுது" என்பாள். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது கோலாலம்பூரில் ஒரு வானொலி நிலையம். பெயர் வேண்டாம், ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பள்ளி முடித்ததும் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் கற்றது அதிகமில்லை. நாடாச் சுருளை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். பெட்டியின் முதுகில் எழுதப்படாத எதுவும் இந்த உலகத்தில் இல்லை. மற்றபடி, தலைமைக் காப்பாளர் 'நீர்' என்று பேசினால் அவர் நல்ல மனநிலையில் இருக்கிறார், 'மிஸ்' என்று தொடங்கினால் ஏதாவது வேலையாக வேறு அறைக்குப் போய்விட வேண்டும்.

தலைமைக் காப்பாளர் நவரத்தினம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் ஒரே ஒரு பேனா. விதிப் புத்தகத்தை அவர் புரட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. தேவைப்பட்டதே இல்லை. யாராவது வந்து "சார், இது ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்கினால், "சின்ன விஷயத்துக்கு எந்த விதி எண்டு சொல்லும், பெரிய விஷயத்தைப் பிறகு பார்ப்பம்" என்பார்.

அழிப்பு வேலை வியாழக்கிழமைகளில் நடக்கும். அழிப்பான் என்பது மேசையில் பதித்த ஒரு பெரிய மின்காந்தம். நவரத்தினம் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, அடுத்த அறை இழுப்பறையில் வைத்துவிட்டு வருவார். நான் பெட்டியின் முதுகைப் படிப்பேன். "உரிமை கோரினவை?" என்று கேட்பார். "இல்லை சார்" என்பேன். உடனே அழித்துவிட மாட்டார். நாடாவை இயந்திரத்தில் ஏற்றி, தலைப்பகுதியைக் கொஞ்சம் கேட்பார், நடுவில் கொஞ்சம், வாலில் கொஞ்சம். பெட்டியில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று உறுதி செய்துகொள்ள. அதன் பிறகுதான் சுருளைக் காந்தத்தின் மேல் மெதுவாகச் சுற்றுவார். சுற்றி முடித்ததும் கையை நீட்டியபடியே பின்னால் நகர்ந்து, சுருள் காந்தத்துக்கு எட்டாத தூரம் வந்த பிறகுதான் என்னை ஸ்விட்சை அணைக்கச் சொல்வார். அவசரப்பட்டு அருகிலேயே அணைத்தால் நாடாவில் 'தும்' என்று ஒரு சத்தம் தங்கிவிடும். அடுத்து யார் எதைப் பதிவு செய்தாலும் அடியில் அது கேட்டுக்கொண்டே இருக்கும். அமைச்சரின் தீபாவளி வாழ்த்துச் செய்தியில் ஒரு முறை அப்படிக் கேட்டது. அது எங்களுக்கு முந்தியவர்கள் காலத்தில்.

இனி ராயப்பன்.

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் கிளார்க். மேடைப் பெயர் ரெக்ஸ். அந்தக் காலத்தில் கிள்ளான் பக்கம் கன்ட்ரி பாட்டுக்குப் பைத்தியமாக இருந்த இளைஞர்கள் நிறைய. ரயில்வே கிளப்பில், மிஷன் பள்ளி மண்டபத்தில், கல்யாண வீட்டில், எங்கே மைக் கிடைத்தாலும் அமெரிக்கக் குதிரைகளையும் பாலைவனத்தையும் பற்றிப் பாடுவார்கள். குதிரையை அவர்கள் கோலாலம்பூர்ப் பந்தயத் திடலில் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பார்கள். ராயப்பன் மட்டும் பாட்டைத் தானே எழுதினார். ஆங்கிலம்தான், ஆனால் பாட்டுக்குள் இருந்தது கிள்ளான் ஆற்றுப் பாலம், மழையில் நனைந்த அரிசி மூட்டை, கடைசி ரயிலைத் தவறவிட்ட ஒருவன். ஆங்கிலப் பிரிவின் குரல் தேர்வில் தேறியிருந்தார். ஒரு சனிக்கிழமை காலை அரை மணி நேரம் ஸ்டூடியோ ஒதுக்கினார்கள்.

நாடாவைக் காப்பக ஊழியர்தான் கொண்டுபோக வேண்டும், பதிவு முடியும் வரை உடனிருக்க வேண்டும் என்பது விதி. நான் போனேன். ராயப்பன் கிட்டாருடன் நின்றிருந்தார். கூட அவர் மனைவி ஸ்டெல்லா, மடியில் சாப்பாட்டு அடுக்குடன் சுவரோரம் நாற்காலியில். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் இருக்கும்.

முதல் பாட்டு ரயிலில் தொடங்கியது. வலது உள்ளங்கையால் தந்திகளை அமுக்கிக்கொண்டு கட்டைவிரலால் அடித்தார்; இடது கை விரலில் ஒரு சோடா பாட்டிலின் உடைந்த கழுத்தை மாட்டித் தந்தி மேல் இழுத்ததும் தூரத்தில் எஞ்சின் கூவியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரும் நிமிர்ந்தார்.

பாட்டில் ஒரு வரி மேலே ஏறும் இடம். ராயப்பனுக்கு அங்கே எட்டவில்லை. இரண்டு முறை முயன்றார். மூன்றாம் முறை அந்த இடம் வந்தபோது நாற்காலியிலிருந்து ஸ்டெல்லா அதைப் பாடினார். எழுந்திருக்கக்கூட இல்லை. அடுக்கைப் பிடித்தபடியே.

"யாரும்மா அது?" ஒலிப்பதிவாளரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"சாரிங்க. பழக்கதோஷம்."

"சாரி எதுக்கு? மைக் கிட்ட வாங்க."

"நான் பாடக்கூடாதுங்க. ஃபெயிலு."

"எதுல ஃபெயிலு?"

"தமிழ்ப் பிரிவு மெல்லிசை ஆடிஷன். போன மாசம்தான். லெட்டர் வீட்ல இருக்கு. மூக்கால பாடுறேனாம்."

ராயப்பன் சிரித்தார். "வா லா, ஸ்டெல்லா. நீ ஃபெயில் ஆனது தமிழ்ல. இது இங்கிலீஷு."

"மூக்கு ஒண்ணுதானங்க."

"அட, இந்தப் பாட்டுக்கு மூக்குதான் வேணும். நானே மூக்கு பத்தாமத் திண்டாடுறேன்."

அடுக்கை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டெல்லா எழுந்து போனார். நான்கு பாட்டு. நான்கிலும் ராயப்பனின் குரலுக்கு மேலே ஒரு நூல் போல அந்தக் குரல். கணவரைப் பார்க்காமல் கிட்டார் தந்தியைப் பார்த்துப் பாடினார். ஒரே மைக். ஒலிப்பதிவாளர் நாடாவை என்னிடம் கொடுத்தபோது, "இது நிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

நிற்கவில்லை. திங்கட்கிழமை ஆங்கிலப் பிரிவின் தயாரிப்பாளர் கேட்டார். பாட்டு நன்றாக இருக்கிறது. இரண்டாவது குரல் யாருடையது? பெயர் சொன்னோம். தேறிய கலைஞர்கள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. தேறாதவர் குரலை ஒலிபரப்பக் கூடாது; மறுபடி தேர்வுக்கு வர ஓராண்டு ஆக வேண்டும். ஒரே மைக்கில் பதிவானதால் அந்தக் குரலை மட்டும் நீக்கவும் வழியில்லை. ஆங்கிலப் பிரிவு கைகழுவியது. தமிழ்ப் பிரிவிடம் கேட்டபோது, ஆங்கிலப் பாட்டுக்குத் தாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் நிலையத்தில் நியாயமான கேள்விகளுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

ஆறு மாதம் முடிந்தது. 'உங்கள் ஒலிப்பதிவு விதிப்படி அழிக்கப்படுகிறது' என்று ஆங்கிலப் பிரிவு ராயப்பனுக்கு முறையாகத் தெரிவித்தது. வியாழக்கிழமை வந்தது. நவரத்தினம் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். நான் பெட்டியின் முதுகைப் படித்தேன்.

"உரிமை கோரினவை?"

"இல்லை சார்."

தலைப்பகுதியைக் கேட்டார். நடுவில் கேட்டார். வாலுக்குப் போகாமல் மறுபடியும் தலைப்பகுதிக்கே வந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு நாற்காலியைத் திருப்பினார்.

"இது என்ன சத்தம்?"

"ரயில் மாதிரி, சார். கிட்டார்ல..."

"மாதிரியோ? நான் ரயில்வே குவாட்டர்ஸில பிறந்தனான். எனக்கு மாதிரி சொல்லித் தராதேயும். கேட்கிறவனுக்கு இது என்ன?"

"ரயில், சார்."

"நீராவியோ டீசலோ?"

"நீராவி."

"கிட்டவோ, தூரமோ?"

"தூரம்."

"அப்ப எழுதும். ரயில், நீராவி, புறநகர், தூரம். ஒலிக்குறிப்பு அலமாரி."

ஒலிக்குறிப்பு என்பது நாடகங்களுக்குப் பயன்படும் சத்தங்கள்: மழை, கதவு, சந்தை, குழந்தை அழுகை. அவற்றுக்குப் பதினான்காவது விதி பொருந்தாது. அவை எல்லாப் பிரிவுக்கும் பொது, அழிக்கக் கூடாது. நான் எழுதினேன்.

"சார், ரயிலுக்குப் பிறகு பாட்டு வருதே?"

"ரயில் எண்டால் ஆக்கள் இருப்பினம். ஆக்கள் எண்டால் பாடுவினம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார்.

ஒலிக்குறிப்பு நாடாக்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேட்டுப் பரிசோதிக்க வேண்டும். மழை, கதவு, சந்தையை எல்லாம் என்னிடம் விடுவார். ரயிலை மட்டும் அவரே பரிசோதித்தார், கதவைச் சாத்திக்கொண்டு, முழுதாக. ஒரு முறை நாடகப் பிரிவில் புதிதாக வந்த ஒருவர், காதலர்கள் பிரியும் காட்சிக்கென்று அந்த நாடாவை எடுத்துப் போய்விட்டுத் திரும்பி ஓடிவந்தார். "சார், ரயில் கெளம்புது, அப்புறம் ரெண்டு பேரு பாட்டுப் பாடுறாங்க!" நவரத்தினம் நிமிராமல், "மூன்றாம் வகுப்புப் பெட்டி" என்றார்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தார். "ரயிலை நேரத்துக்குப் பரிசோதியும்" என்றார். வேறு பிரியாவிடை உரை இல்லை. நானும் ஓய்வு பெறும் வரை பரிசோதித்தேன்.

ராயப்பன் அதற்குள் பெரிய ஆளாகிவிட்டார். சிங்கப்பூரில் பதிவு செய்த கேசட்டுகள் வந்தன. தொப்பி, பூட்ஸ், வெள்ளிக் கொக்கி வைத்த இடுப்புப் பட்டை. ஹோட்டல்களில் அவர் பாடும் நாளில் இடம் கிடைக்காது. காஜாங்கில் ஒரு கல்யாண விருந்தில் நானே கேட்டேன். நல்ல குரல்தான், ஆனால் யாரிடமோ இரவல் வாங்கியது. கிள்ளான் பாலமும் அரிசி மூட்டையும் போய், குதிரைகள் திரும்பி வந்திருந்தன. இன்றைக்கும் பழைய கன்ட்ரி பாட்டு என்று இங்கே பேச்செடுத்தால் அவர் பெயர்தான் முதலில் வரும். ஆனால் அவர் புகழுக்கு முந்திய பதிவு ஒன்று உண்டு என்று யாருக்கும் தெரியாது. அவர் கேட்கவில்லை. கேட்காதவருக்குப் பதில் சொல்லும் வழக்கம் காப்பகத்தில் இல்லை.

கேட்டு வந்தார், போன வருடம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் என் அடுக்ககத்துக்குக் கிள்ளானிலிருந்து கோமூட்டர் புறநகர் ரயிலில் வந்தார். தொப்பி இல்லை. கைத்தடி இருந்தது. இதய அறுவை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. லிஃப்டிலிருந்து என் கதவு வரை நடந்ததற்கே மூச்சு வாங்கினார். ஸ்டெல்லா இறந்துவிட்டார் என்று நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொன்னார்.

"நம்ம பதிவு பண்ணமே, புஷ்பம், ஞாபகம் இருக்கா? நீங்க அடுக்கப் புடிச்சிக்கிட்டு நின்னீங்க."

"இருக்கு."

"அழிச்சிட்டோம்னு லெட்டர் வந்திச்சு. தெரியும். இருந்தாலும் ஒரு தடவ கேட்டுப் பாப்போம்னு வந்தேன். துண்டு கிண்டு ஏதாவது..."

"கேசட்ல அவங்க பாடலையா?"

"எங்க பாடுனா! கேட்டாலே 'நான் ஃபெயில் ஆனவ'ம்பா. சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவா. ஆனா கோயில்ல கூட வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. பிள்ளைங்களுக்கு அம்மா பாடுவாங்கன்னே தெரியாது. நான் சொன்னா, 'டாடி, சும்மா வுடாதீங்க'ன்றானுங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். பதிவு அழியவில்லை, ரயிலாக இருக்கிறது. ராயப்பன் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"அந்த நவரத்தினம் சாரா? என்னப் பாத்தா ஒரு குட் மார்னிங் கூடச் சொல்ல மாட்டாரே!"

அவர் எதிரிலேயே தர்ஷினியைக் கூப்பிட்டேன். பழைய பெட்டிகளின் முதுகில் உள்ள சுருக்கெழுத்து புரியாதபோது அவள்தான் என்னைக் கூப்பிடுவாள். இந்த முறை கணக்கு நேரானது. அலமாரி எண்ணைச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்தாள்.

"பெட்டி இருக்கு ஆன்ட்டி. ஆனா சவுண்ட் எஃபெக்ட் எதையும் கம்ப்யூட்டருக்கு மாத்தல லா. எல்லாம் ஆன்லைன்லயே கெடைக்குதுன்னு மேல சொல்லிட்டாங்க. மொத்தமா ஸ்ரீ கெம்பாங்கான்ல ஒரு ஸ்டோருக்குப் போவுது, அங்கருந்து டிஸ்போஸ்."

"எப்போ?"

"லோரி புக் பண்ணியாச்சு."

அன்றைக்கு அழிக்கப்படாமல் இருந்ததற்கு எது காரணமோ, இன்றைக்கு அழிக்கப்படுவதற்கும் அதுவே காரணம். பெயரை மாற்றிப் 'பாட்டு' என்று எழுதிவிடலாமே என்று ராயப்பன் கேட்டார். முடியாது. பாட்டு என்றால் ஒரு பிரிவு உரிமை கோர வேண்டும். ஆங்கிலப் பிரிவு உரிமை கோர வேண்டுமானால் இரண்டு குரலும் தேறியவர் குரலாக இருக்க வேண்டும். தர்ஷினி சொன்னாள், கம்ப்யூட்டரில் 'இரண்டாவது குரல்' என்று போட்டதும் அது தேர்வு எண்ணைக் கேட்கிறது, எண் இல்லாவிட்டால் அடுத்த பக்கம் போக மறுக்கிறது. விதியை மனிதர்கள் மறந்துவிட்டாலும் கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சுலபமான வழி ஒன்று இருந்தது. கழிக்கப்படும் ஒலிக்குறிப்பைப் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் கலைஞர் இல்லை, உரிமைச் சிக்கல் இல்லை. 'ரயில் சத்தம் ஒன்று சொந்த உபயோகத்துக்குத் தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு வாரத்தில் கையில் வந்துவிடும். தாளையே எடுத்து ராயப்பன் முன் வைத்தேன்.

அவர் பேனாவைத் தொடவில்லை.

"என்னான்னு எழுதணும்?"

"ரயில் சத்தம்னு."

"அவ பாட்ட ரயில் சத்தம்னு நான் கையெழுத்துப் போடணும்."

"நாடா கைக்கு வரணும்ல? பெயர்ல என்ன இருக்கு?"

"புஷ்பம், ஒரு தடவ அவங்க எழுதிக் குடுத்தாங்க, இவ பாடகி இல்லன்னு. அவ அத வச்சிக்கிட்டே வாழ்ந்துட்டுப் போயிட்டா. இப்ப நானும் அதையே எழுதிக் குடுக்கவா?"

"மிஸ்டர் ராயப்பன், லோரி புக் பண்ணியாச்சு."

"புக் பண்ணட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் பரிசோதித்துக் காப்பாற்றிய நாடாவை ஒருவர் ரோஷத்துக்காகக் குப்பைக்கு விடுகிறார். அவர் போன பிறகுதான் அவர் கேட்டதை முறைப்படி யோசித்தேன். அவருக்குத் தேவை நாடா மட்டும் இல்லை. அந்தத் 'தேறவில்லை' மாற வேண்டும். அப்படியானால் நான் பார்க்க வேண்டியது காப்பக விதியை அல்ல, குரல் தேர்வு விதியை.

குரல் தேர்வு விதி என்ன சொல்கிறது? ஒரு முறை தேறாதவர் ஓராண்டு கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். ஓராண்டு எப்போதோ கழிந்துவிட்டது. நேரில் வர இயலாதவர், நிலையத்தின் ஸ்டூடியோவிலேயே பதிவான தன் குரலை முன்வைக்கலாம். வெளியூர்க் கலைஞர்களுக்காகச் செய்த ஏற்பாடு. விண்ணப்பதாரர் உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. எழுதியவருக்கு அது தோன்றியிருக்காது. இன்னொன்று, இதுதான் முக்கியம்: தேர்வுக்கு முன்வைக்கப்பட்ட நாடாவை முடிவு வரும் வரை அழிக்கக் கூடாது.

மறுவாரம் ராயப்பனை வரச் சொல்லி விண்ணப்பத்தை நிரப்பினோம். பெயர், ஸ்டெல்லா ராயப்பன். வகை, கன்ட்ரி, இரண்டாவது குரல். 'நேரில் வர இயலாமைக்கான காரணம்' என்ற இடத்தில் நான் பேனாவை நிறுத்தினேன்.

"என்னா?" என்றார்.

"காரணம் கேக்குறாங்க."

"இருக்கறதத்தான எழுதணும்? எழுதுங்க."

'விண்ணப்பதாரர் காலமாகிவிட்டார்' என்று எழுதினேன். கணவர் என்ற முறையில் அவர் கையெழுத்திட்டார். இந்த முறை பேனாவை அவரே கேட்டு வாங்கினார்.

தர்ஷினி கிட்டத்தட்ட அலறினாள். "ஆன்ட்டி, ஆடிஷன் போர்டே இப்ப இல்ல! எல்லாரும் வீடியோதான் அனுப்புறாங்க!"

"விதியை ரத்து செஞ்சாங்களா?"

"அது... இல்ல."

"அப்போ போர்டு இருக்கு. ஆள்தான் இல்லை. மூணு பேரைப் போடச் சொல்லு. அதுவரைக்கும் அந்தப் பெட்டி லோரியில ஏறக்கூடாதுன்னு பெட்டி மேலயே எழுதி ஒட்டு."

ஒட்டினாள். மழையும் கதவும் சந்தையும் குழந்தை அழுகையும் ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போயின. ரயில் மட்டும் நின்றது.

பிறகு காத்திருப்பு. விண்ணப்பம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. 'காலமானவருக்குத் தேர்வு நடத்த முன்னுதாரணம் உண்டா' என்று ஒருவர் கேட்டாராம். முன்னுதாரணம் தேவை என்று விதி இல்லை என எழுதி அனுப்பினேன். தேர்வாளர் மூவரில் இருவர் கிடைத்தார்கள், மூன்றாமவர் விடுப்பில் போனார். அவர் திரும்பியபோது முதலாமவர் மாற்றலாகிவிட்டார். மாதங்கள் போயின. இடையில் ராயப்பன் மறுபடியும் கிள்ளான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பார்க்கப் போனேன். மூக்கில் குழாய். தர்ஷினியும் வந்திருந்தாள்; அலுவலக வாசலைத் தாண்டி நான் அவளைப் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

அவள் படுக்கையின் பக்கம் குனிந்தாள். "அங்கிள், போர்டுக்காகப் பாட்டக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். என் ஃபோன்லயே இருக்கு. இப்பவே போடட்டுமா? யாருக்கும் தெரியாது லா."

ராயப்பன் அந்தக் கைப்பேசியைப் பார்த்தார். எடுத்துக்கொள்வார் என்றே நினைத்தேன்.

"போர்டு கேட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்ல அங்கிள்."

"அப்ப வேணாம்மா. அவங்க கேக்கட்டும் மொத. உள்ள வச்சிக்க."

"அங்கிள், ஒருவேளை..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள்.

"ஒருவேள நான் போயிட்டா, அவ வாயாலயே கேட்டுக்கறேன். நீ பயப்படாத" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். இந்த நிலைமைக்கு என்னிடம் விதி எதுவும் இல்லை.

அவர் போகவில்லை. வீடு திரும்பினார். வாரம் ஒரு முறை தொலைபேசியில் அழைத்து, "ஏதாச்சும்?" என்று கேட்பார். "இல்லை" என்பேன். வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவார்.

பதில் என் முகவரிக்குத்தான் வந்தது; விண்ணப்பத்தில் தொடர்புக்கு என் முகவரியைக் கொடுத்திருந்தோம். உறையில் 'திருமதி ஸ்டெல்லா ராயப்பன்' என்று இருந்தது. நான் பிரிக்கவில்லை. அவருக்குப் போன் செய்தேன். அடுத்த ரயிலில் வந்துவிட்டார். மகன் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றதற்கும் நிற்கவில்லையாம்.

அவரே பிரித்தார். கண்ணாடி கொண்டுவர மறந்திருந்ததால் என்னிடம் நீட்டினார். படித்தேன். விண்ணப்பதாரர் ஆங்கிலப் பிரிவின் குரல் தேர்வில் தேறியுள்ளார். பட்டியலில் பெயர் சேர்க்கப்பட்டு எண் வழங்கப்படுகிறது. தரம், பி. தேர்வாளர் குறிப்பு: 'மூக்கொலி இவ்வகைப் பாடலுக்கு ஏற்றது.' மேற்படி பதிவு ஆங்கிலப் பிரிவின் உரிமைக்கு மாற்றப்படுகிறது. கடைசி வரி, ஒலிபரப்புக்கு நேரில் வர அழைக்கப்படும்போது விண்ணப்பதாரர் இந்தக் கடிதத்தை உடன் கொண்டுவர வேண்டும்.

"தரம் என்னா சொன்னீங்க?"

"பி."

"எனக்கு 'சி'தான் குடுத்தானுங்க" என்றார் ராயப்பன்.

கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, படிக்க முடியாத எழுத்துகளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பையின் மேல் கையையும் வைத்துக்கொண்டார். தர்ஷினி பாட்டை என் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தாள். அதை அவர் கையில் கொடுத்து, எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு, நான் காப்பி போட உள்ளே போனேன். ரயில் கிளம்பியது. அந்த மேலே ஏறும் வரி வந்தபோது அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். நான்கு பாட்டும் முடிந்த பிறகுதான் காப்பியை எடுத்து வந்தேன், அது ஆறிப்போயிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"நாளைக்குக் கல்லறைத் திருநாள். பிள்ளைங்களையெல்லாம் அவ கல்லறைக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்றார். "இந்த ஃபோனக் குடுத்தனுப்ப முடியுமா?"

கொடுத்தனுப்பினேன்.

கடிதத்தின் தலைப்பில் அச்சாகியிருந்தது அதற்கு இரண்டு மாதம் முந்திய தேதி. காப்பகத்தில் நாங்கள் அதைப் பார்ப்பதில்லை. கைக்கு வந்து சேர்ந்த நாளைத்தான் முத்திரையிடுவோம். நவம்பர் முதல் தேதி, மாலை.